ஒன்றும் மணக்காத ஜக்கெட்

எடியே,

என் முன்னறையில் வறுத்த தூள் மணக்கிறது. யன்னல் இரண்டையும் திறந்துவிட்டு, மார்கழிக் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு இருந்து இதை எழுதுகிறேன். மல்லி, மிளகாய், பெருஞ்சீரகம், கொஞ்சம் கருகிப்போன கறிவேப்பிலை. நான் இன்று அடுப்பே மூட்டவில்லை. மணந்தது உன் ஜக்கெட். வருசம் முழுவதும் ஒரு மணமும் அண்டவிடாமல் பொத்திப் பொத்தி வைத்திருந்தாயே, அந்தப் பச்சை வேட்டை ஜக்கெட்தான். அது இந்த வீட்டை விட்டுப் போய் இரண்டு மணித்தியாலம் ஆகிறது. மணம் இன்னும் போகவில்லை.

நீ இருந்திருந்தால் இன்று ஹம் நகரமே இரண்டுபட்டிருக்கும்.

காலையில் உன் மனுசன் வந்தார். கையில் ஒரு கடதாசிப் பை. வாய் மூடாத அந்த மனிதர் இருக்கவுமில்லை, தேத்தண்ணி கேட்கவுமில்லை, வாசலிலேயே நின்றார். "என்ன அண்ணை, உள்ளுக்கு வாங்கோவன்" என்றேன். பையை நீட்டினார்.

"தங்கச்சி, இதைத் தோய்ச்சா மணம் போகுமோ?"

பையைத் திறந்ததும் எனக்குத் தும்மல் வந்தது. பிறகு அழுகை வந்தது. உண்மையைச் சொன்னால் என்ன, பிறகு சிரிப்பும் வந்தது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் நான் பிழையாகச் சொல்ல, நீ பக்கத்தில் நின்று திருத்துவது போல ஒரு நினைப்பு. அதற்காகச் சொல்கிறேன்.

எல்லாம் உன் தோள்மூட்டில் தொடங்கியது. ஒரே முதியோர் இல்லத்தில் எத்தனை வருசம் ஆட்களைத் தூக்கினோம், புரட்டினோம், குளிப்பாட்டினோம். உன் வலத் தோள் முதலில் கைவிட்டது. தோளுக்குப் பயிற்சி தந்த பெண் ஒரு ரப்பர் பட்டியைத் தந்து, வீட்டில் இருந்து இழுக்கச் சொன்னாள். மூன்று நாள் இழுத்தாய். நாலாம் நாள் வேலைக்கு வந்ததும் என்னைப் பிடித்துக்கொண்டாய்.

"எடி வசந்தி, சும்மா காத்தை இழுக்கிற நேரத்துக்கு ஒரு வில்லை இழுத்தா என்ன?"

அந்தச் சனிக்கிழமையே வில்லாளர் ஃபெராயினுக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனாய். இந்த ஜெர்மனியில் மூன்று பேர் ஒரே விசயத்தில் விருப்பப்பட்டால் ஃபெராய்ன் என்று ஒரு சங்கம் தொடங்கி, தலைவர், செயலாளர் எல்லாம் வைத்துவிடுவார்கள். ஐம்பதைத் தாண்டிய இரண்டு தமிழ்ப் பெண்கள் வாசலில் நிற்பதைக் கண்டு, துப்புரவு வேலைக்கு வந்தோமோ என்று ஒருவர் கேட்டார். "இல்லை, உங்களை வெல்ல வந்தனாங்கள்" என்று ஜெர்மனில் சொன்னாய். அன்று உன் அம்பு ஒன்றுகூட இலக்கில் படவில்லை. என் அம்பு கூரையில் நின்றது. நான் வில்லைக் குறை சொன்னேன். "ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்" என்று சொல்லி, கூரையில் ஏற ஏணி எடுத்து வந்தவள் நீ.

போன வருசக் கோடையில் சவர்லாண்ட் காட்டுக்குள் போனோம். நடந்து நடந்து, மரங்களுக்கிடையில் நிறுத்தியிருக்கும் நுரைப்பஞ்சு மிருகங்களுக்கு அம்பு விடுகிற பாதை. கரடி, மான், நரி எல்லாம் தாண்டி, ஒரு சரிவில் நாயளவில் சாம்பல் நிறத்தில் ஒன்று நின்றது. கூட வந்தவர்கள் எல்லோரும் காட்டுப்பன்றிக் குட்டி என்றார்கள். நீ குனிந்து பின்பக்கம் பார்த்தாய்.

"இது பன்றியில்லை. பன்றியெண்டா வாலெங்க?"

கைத்தொலைபேசியில் தேடிப் பிடித்தாய். பெயர் ஹாவலீனா. அமெரிக்காவின் அரிசோனாப் பாலைநிலத்தில் கூட்டமாகத் திரிவது. பன்றிக்குத் தூரத்துச் சொந்தம், ஆனால் பன்றி இல்லை. நாகதாளியை முள்ளோடு தின்னும். "கண் மட்டுமட்டாத்தான் தெரியுமாம்" என்று வாசித்துவிட்டு, "மூக்கு எண்டா என்ர மாமிக்குக் குறைவில்லைப் போல" என்றாய். அன்றே முடிவெடுத்தாய், இதை நேரில் போய்ப் பார்ப்பதென்று. பார்ப்பது மட்டுமல்ல, வில்லோடு போவதென்று. ஜெர்மனியில் அம்பால் மிருகம் வேட்டையாடச் சட்டம் இடம் கொடாது. அங்கே அனுமதிச்சீட்டும் வழிகாட்டியும் இருந்தால் முடியும்.

நான் கேட்டேன், "பாவமில்லையோடி?" என்று.

"கடையில பொலித்தீன் சுத்தி வச்ச இறைச்சியை வாங்கேக்குள்ள ஆரும் பாவம் கேக்கிறேல்லை. நான் தின்னுறதின்ர முகத்தை ஒருக்காலெண்டாலும் பாக்கவேணும்."

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. நீ பகிடி விடாமல் ஒரு வசனம் சொன்னால், அது ஏற்கெனவே முடிவான விசயம் என்று எனக்குத் தெரியும்.

வழிகாட்டியின் பெயர் றோய். கடிதத்துக்கு மேல் கடிதமாக எழுதி அந்த மனிதரை நீ படுத்திய பாடு! படிவத்தில் உணவுக் கட்டுப்பாடு உண்டா என்று ஒரு கேள்வி. நான் வெள்ளி விரதக்காரி என்பதால், என் பெயருக்கு நேரே "வெள்ளிக்கிழமை இறைச்சி இல்லை" என்று எழுதிவிட்டாய். வேட்டைக்கு வருகிறவர் இறைச்சி சாப்பிடமாட்டாரா என்று அவர் குழம்பிப்போய்க் கேட்டார். "வெள்ளியில் எய்வாள், சனியில் சாப்பிடுவாள்" என்று பதில் போட்டாய். இருபது மீற்றரில் நின்று ஐந்து அம்பையும் ஒரு சிறிய தட்டளவு இடத்துக்குள் விட்டுக் காணொளி அனுப்பச் சொன்னார். அந்த அளவில் தட்டுக்கு எங்கே போவது? உன் வீட்டு இடியப்பத் தட்டைக் கொண்டுவந்து இலக்கில் கட்டினாய். இரண்டு மாதத்தில் உன் வீட்டில் அம்பு துளைக்காத தட்டு ஒன்றும் மிஞ்சவில்லை.

அதில்தான் உன் மனுசன் கொதித்துப்போனார். முதுகு போய் ஆலை வேலையை விட்ட நாளிலிருந்து உங்கள் குசினி அவருடைய ராச்சியம். "நான் இடியப்பத்தை எதிலயடி பிழியிறது, உன்ர தலையிலயோ?" என்று கேட்பார். அரிசிமா குறைகிறது என்றும் ஒரு முறைப்பாடு. குறைந்ததற்குக் காரணம் எனக்குத் தெரியும். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க, வேட்டைக்காரர் ஒரு சிறு போத்தலில் மணமில்லாத பொடி வைத்திருப்பார்கள். அமத்தினால் பொடி பறந்து காட்டும். நீ காதுமருந்துப் போத்தலைக் கழுவிக் காயவைத்து, அரிசிமா நிரப்பினாய். "வறுத்த மா மணக்கும். பச்சை மா மணக்காது" என்று விளக்கமும் சொன்னாய். றோய்க்கே தெரியாத கலை இது.

மணம், மணம் என்று உனக்கு ஒரே விசர். அந்த மிருகம் கண்ணால் பார்க்க முதல் மூக்கால் பிடித்துவிடும் என்பதால், ஜக்கெட்டை வாசமில்லாத சவர்க்காரத்தில் தோய்த்தாய். வீட்டுக்குள் வைத்தால் குசினி மணம் ஏறும் என்று கீழே நிலவறையில் காற்றாடத் தொங்கவிட்டாய். கறித்தூள் எப்போதும் பீலெஃபெல்டில் உன் மச்சாள் வறுத்து அனுப்புவது. அதனால் நிலவறையில் ஆபத்தில்லை என்று உன் கணக்கு. கிழமைக்கொருமுறை கீழே போய் மூக்கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஒண்டும் மணக்கேல்லை" என்று பரிசு விழுந்தவள் மாதிரி மேலே வருவாய்.

ஒரு பின்னேரம் உங்கள் மேசையில் நாங்கள் மூவரும் இருந்தோம். நீ சாதாரணமாகச் சொல்வதுபோல, "இஞ்சாருங்கோ, நீங்களும் வாங்கோவன். வேட்டையாடத் தேவையில்லை, சும்மா வந்து பாக்கலாமாம்" என்றாய். அவர் சோற்றைக் குழைத்தபடியே சிரித்தார்.

"எனக்கென்ன விசரோ? வேலியில போன ஓணானைப் பிடிச்சு மடியில விட்ட கதை. ஒரு கிழமை வாய் திறக்காமக் கள்ளிப் பத்தைக்குள்ள குந்தியிருக்க என்னால ஏலாது."

நீயும் சிரித்தாய். ஆனால் கறிச்சட்டியை எடுக்க எழும்பி, அடுப்படியில் கொஞ்ச நேரம் திரும்பாமல் நின்றாய். நான் கண்டேன். கேட்கவில்லை.

பிறகு இந்த வருசக் கார்த்திகை. வேட்டை அனுமதிச்சீட்டுக் குலுக்கலில் எங்கள் இருவர் பெயரும் விழுந்த செய்தி வந்தது. இல்லத்தின் நடைபாதையில் என்னைக் கட்டிப்பிடித்துத் தூக்கினாய், அந்தத் தோளோடு. ஒன்பதாம் நாள், காலை வேலைக்கு உடுப்பு மாற்றும் அறையில், சப்பாத்து நூல் கட்டக் குனிந்த நீ நிமிரவில்லை. தலைக்குள் நரம்பு வெடித்ததாம். உன்னைத் தூக்க எனக்குத் தெரியவில்லையடி. தூக்குவதுதான் என் தொழில், ஆனால் அன்று கை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றேன். இன்னும் அந்த அறைக்குள் போகும்போதெல்லாம் என் கைகளைத்தான் பார்க்கிறேன்.

போன ஞாயிறு உன் முப்பத்தோராம் நாள் பூசை. சாப்பாட்டுக்குப் பெருந்தொகைச் சனம். கடைத்தூளில் சமைத்தால் நீ எழும்பி வந்துவிடுவாய் என்று உன் மச்சாள் மல்லியும் மிளகாயும் மூட்டையாகக் கொண்டுவந்து இறங்கினார். மேலே வறுத்தால் புகைமணி கத்தும், பக்கத்து வீட்டுக்காரர் பொலிசுக்கு அடிப்பார். ஆகவே மின்னடுப்பையும் தாச்சியையும் நிலவறைக்கு இறக்கினார்கள். ஒரு பின்னேரம் முழுக்க அங்கே வறுத்தார்கள். உன் மனுசன்தான் கிண்டினார். மூலையில் உன் ஜக்கெட் தொங்கியது அந்த அவசரத்தில் அவருக்குக்கூட நினைவில் வரவில்லை. உன்னை நினைத்து வறுத்த தூள் முழுவதும் உன் ஜக்கெட்டிலேயே ஏறிவிட்டது.

இன்று ஒருவழியாக உள்ளே வந்து, என் கதிரையில் இருந்து அதை அவர் சொன்ன விதத்தை நீ கேட்டிருக்கவேண்டும்.

"அவவின்ர உடுப்பெல்லாம் மணந்து பாத்தன் தங்கச்சி. எல்லாத்திலயும் அவ இருக்கிறா. இது ஒண்டுதான் ஒண்டும் மணக்காது. அதால இதைத்தான் ஒவ்வொரு நாளும் போய்ப் பாத்தன். அவ அவ்வளவு கவனமாக் காத்து வச்ச சாமான். ஒரு வருசமாக் காத்ததை நான் ஒரு பின்னேரத்தில நாசமாக்கிப்போட்டன்."

பிறகு மெதுவாகக் கேட்டார், "நீர் போகேக்குள்ள இதைக் கொண்டுபோவீரோ? ஒருக்கா அந்தக் காட்டைக் காட்டிப்போட்டு வாரும். அதுக்குத்தான் மணம் போகுமோ எண்டு கேட்டனான்."

இங்கேதான் என் குற்றத்தை நீ கேட்கவேண்டும். நான் போவதாக இருக்கவில்லை. பூசை முடிந்த மறுநாளே றோய்க்கு எழுதிவிட்டேன், நீ இறந்துபோனாய் என்றும், தனியே வர எனக்கு மனமில்லை, எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள் என்றும். வியாழக்கிழமை பதில் வந்தது. துக்கம் விசாரித்து நாலு வரி. உன் பெயருக்கு விழுந்த அனுமதியை வேறு ஒருவருக்கும் மாற்ற முடியாது என்று ஒரு வரி. கடைசியில் ஒரு கேள்வி: "மூன்றாவது ஆளும் வரவில்லையா? ஞாயிறு மாலைக்குள் சொன்னால் நல்லது."

மூன்றாவது ஆள் எவர் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அனுப்பிய படிவத்தைத் திறந்தேன். உன் பெயர், என் பெயர், அதன் கீழே பார்வையாளர் என்ற இடத்தில் உன் மனுசனின் பெயர். சப்பாத்து அளவு நாற்பத்தொன்று. முதுகு வருத்தம், மடிக்கும் கதிரை தேவை. குறிப்பு என்ற பெட்டிக்குள் உன் இங்கிலீசில் நாலு வசனம்.

கள்ளி! என்னிடம்கூடச் சொல்லவில்லையே நீ.

இரண்டு நாளாக அந்தப் படிவத்தை அவருக்குக் காட்டாமல் வைத்திருந்தேன். அவர் அன்று சோற்றைக் குழைத்துக்கொண்டு சிரித்த சிரிப்பு எனக்கு நினைவிருந்தது. அவருக்கும் நினைவிருக்கும். இதைக் காட்டினால் ஆள் நொறுங்கிவிடுவாரோ என்று பயம். காட்டாமல் விட்டால் நாளை மாலையோடு எல்லாம் முடிந்துவிடும், நீ போட்ட திட்டம் முழுவதும். ஜக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, தோய்த்தால் போகுமோ, போகுமோ என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தபோது, இனி ஏலாது என்று எழும்பிப் போய்ப் படிவத்தை எடுத்து வந்தேன்.

அவர் மூக்குக்கண்ணாடி கொண்டுவரவில்லை. நானே தமிழில் வாசித்தேன். "இவர் என் கணவர். இன்னும் இவருக்குத் தெரியாது, நத்தார்ப் பண்டிகைக்குச் சொல்வேன். வாய் ஓயாமல் கதைப்பார். தயவுசெய்து கையில் எதையாவது கொடுத்து வையுங்கள்."

அவர் படிவத்தை வாங்கி ஜக்கெட்டின் மேல் விரித்தார். "ஐப்பசியில என்ர பாஸ்போட்டை வாங்கினவ, நகரசபையில எதோ சந்திப்புக்கு டெர்மின் குறிச்சிருக்கு எண்டு" என்றார். "சப்பாத்தையும் கவிட்டுக் கவிட்டுப் பாத்தவ. புதுச் சப்பாத்து வாங்கித் தரப்போறாவாக்கும் எண்டு நான் பேசாம இருந்திட்டன்." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் உண்மையா அவ்வளவு கதைக்கிறனானோ?"

"ஓம் அண்ணை."

அப்போதுதான் அழுதார். நீ போன நாளிலிருந்து அவர் அப்படி அழுது நான் காணவில்லை. ஜக்கெட்டில் முகத்தைப் புதைத்து அழுது, தூள் ஏறித் தும்மி, தும்மலோடு சிரித்து, திரும்பவும் அழுதார். நானும் சேர்ந்து அழுதேன். தும்மினேன் என்றும் சொல்லலாம்.

"ஆண்டுத்திவசமே முடியேல்லை" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "மனுசி செத்து ரெண்டு மாசத்துக்குள்ள அமெரிக்காவில பன்றிவேட்டையாம் எண்டு சனம் சிரிக்கும்."

"அது பன்றியில்லை அண்ணை."

"ஓமோம், வாலில்லை. நூறுதரம் சொன்னவ." கொஞ்சம் யோசித்தார். "உம்மட வீட்டுக்காரர் என்ன சொல்லுவார்?"

"வியாழக்கிழமையே சொல்லிப்போட்டார். அண்ணையைத் தனிய விடாத, கூட்டிக்கொண்டு போ எண்டு."

ஓம் என்று சொல்வாரா, இல்லையென்று எழும்புவாரா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னது ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.

"அங்க எனக்கு என்ன வேலை?"

ஓடிப்போய் என் வில்லுப் பையிலிருந்து உன் மாப்போத்தலை எடுத்து வந்து அவர் கையில் வைத்தேன். கடைசிப் பயிற்சியன்று நீ என்னிடம் விட்டுப்போனது. "காத்துப் பாக்கிற வேலை. வாயைத் திறக்காமல் செய்யிற வேலை." அவர் போத்தலை விரலில் அமத்தி, வந்த பொடியை நாக்கு நுனியில் வைத்தார்.

"இது என்ர மாவெல்லோ! வறுக்காத மா. கோதாரி, இஞ்சயே போனது இவ்வளவும்!"

ஜக்கெட்டின் கதை மிஞ்சியிருந்தது. தோய்ப்பதா, விடுவதா? நீ எனக்கு அனுப்பிவைத்த பழைய மின்கடிதங்களைத் தட்டிப் பார்த்தேன். மணத்தைப் பற்றி நீ கேட்ட பத்தாவது கேள்விக்கு றோய் பொறுமையிழந்து எழுதிய பதில் அங்கே இருந்தது: காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்வரை நீங்கள் வெங்காயம் பொரித்துக்கொண்டு போனாலும் அதற்குத் தெரியாது. காற்று முதுகில் அடித்தால், குளித்துவிட்டு வந்தாலும் பயனில்லை. இதைப் படித்தும் நீ கிழமைக்கொருமுறை ஜக்கெட்டை மணந்துதான் பார்த்தாய். அவருக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப தோய்க்கத் தேவையில்லை" என்றார் உடனே. அந்தக் குரலில் இருந்த நிம்மதியை நீ கேட்டிருக்கவேண்டும்.

அவர் முன்னாலேயே றோய்க்குப் பதில் எழுதினேன். மூன்று பேர் என்று விரல் தானாக அடித்தது. அழித்துவிட்டு இரண்டு என்று எழுதினேன்: ஒருத்தி வில்லோடு, ஒருவர் மாவோடு. நாற்பத்தொன்று அளவில், கள்ளிமுள் ஏறாத சப்பாத்துக் காப்பும் ஒரு மடிக்கும் கதிரையும் வேண்டும்.

நான் எய்வேனா என்று எனக்கே தெரியாது. நுரைப்பஞ்சுக்கு விடும் அம்பு வேறு, மூச்சு விடுகிற ஒன்றுக்கு விடுவது வேறு. ஒருநாள் இதை உன்னிடம் கேட்டபோது, ஒரு பாட்டியைக் குளிப்பாட்டி முடித்துத் துவாயை மடித்துக்கொண்டிருந்தாய். "கிட்டப் போ. முகத்தைப் பார். ஏலாட்டி விடாத. விடாம வாறதுக்கும் துணிவு வேணும்" என்றாய். அரிசோனாவுக்கு நான் தூக்கிக்கொண்டு போவது அந்த வசனத்தைத்தான். செல்லாமல்போன உன் அனுமதியையும் மடித்து அம்புக்கூட்டின் அடியில் வைத்திருக்கிறேன்.

போகும்போது அவர் ஜக்கெட்டைப் போட்டுக்கொண்டார். தோள் பொருந்தியது, கை கொஞ்சம் கட்டை. வேண்டாம் அண்ணை, பேருந்தில் சனம் மூக்கைப் பொத்தும் என்றேன். "பொத்தட்டும்" என்றார். மணம் போகட்டும் என்று யன்னலைத் திறந்தபோது அவர் தெருவில் நடந்துகொண்டிருந்தார். நாலடிக்கு ஒருமுறை நின்று போத்தலை உயர்த்திப் பிடித்து அமத்துகிறார், பார்க்கிறார், நடக்கிறார். ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஒவ்வொருமுறையும் மா திரும்பி வந்து அவர் நெஞ்சிலேயே விழுந்தது. தெருமுனையில் திரும்பி எனக்குக் கை காட்டியபோது, உன் பச்சை ஜக்கெட் முன்பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டிருந்தது. காற்று அவர் முகத்தில்தான் அடித்ததடி.